சிவகாசிக்கு வந்த கடல்

"ஆத்தைக் கொஞ்சம் வளைச்சு விடுலே" என்றார் அச்சக முதலாளி அய்யாதுரை.

காளீஸ்வரன் பெருமூச்சு விட்டான். சிவகாசியில் காலண்டரும் பள்ளிக்கூடக் கைடும் அடிக்கிற அந்த அச்சகத்தில் அவன்தான் டிசைனர். கைடை எழுதிய ரோஷினி டீச்சர், அதில் போட வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் ஒன்றைக் கொடுத்திருந்தார்.

"அப்படியே போட்டா என்ன அண்ணாச்சி?"

"எவன் மேப்போ? காப்பிரைட்டுன்னு நோட்டீஸ் வந்தா ஒன் வேலை போயிரும், பாத்துக்க."

காலண்டர் சீசன் தொடங்க நாளிருந்தது. அதுவரை இந்த வேலையை விட்டால் வேறெங்கும் ஆள் எடுக்க மாட்டார்கள்.

அய்யாதுரைக்குத் தெரிந்தது காலண்டர் சட்டம். அடுத்த கம்பெனி முருகனின் மயிலை இடமிருந்து வலம் மாற்றி, வேட்டிக்குப் பச்சை அடித்துவிட்டால் அது நம்ம முருகன்.

காளீஸ்வரன் வைப்பாற்றை வளைத்தான். அது சாத்தூர் நடுவே ஓடியது. சாத்தூரை நகர்த்தினான். அது ரயில் பாதைமேல் போய் உட்கார்ந்தது. பாதையைத் தள்ளினான். விருதுநகருக்கு ரயிலே இல்லாமல் போயிற்று.

"சிவகாசியத் தள்ளி வைலே, எடம் கெடைக்கும்."

தள்ளித் தள்ளி, சிவகாசி கடற்கரையில் போய் நின்றது.

"கடல் வந்துருச்சு அண்ணாச்சி."

"இருந்துட்டுப் போகட்டும். இப்பத்தான் அது நம்ம மேப்பு."

கைடு அச்சாகி, லோடும் கடைகளுக்குப் போய்விட்டது. சில வாரம் கழித்து ரோஷினி டீச்சர் கைடும் கையுமாக வந்தார்.

"அது நூறு வருசத்துக்கு முந்துன மேப்பு. அதுக்கு யாரும் உரிமை கேக்க முடியாது. அப்படியே போடாம ஏன் இப்படிப் பண்ணுனீக?"

அய்யாதுரை திரும்பினார். "ஏலே, கடலை யாருலே வரைஞ்சது? நாளையிலருந்து வராத."

காளீஸ்வரனுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்று டீச்சர் வேறொரு கம்பெனியின் கைடை நீட்டினார். புதுசாக வந்தது. அதிலும் சிவகாசி கடற்கரையில் இருந்தது.

அய்யாதுரை முகம் மலர்ந்தது. "நம்மளப் பாத்துத் திருடிட்டான். பழசுக்குத்தான டீச்சர் சொந்தக்காரன் இல்ல? இது நாம வரைஞ்சது. கேஸ் போடுவோம். காளி, தூக்கைக் கீழ வையிலே. நீதான் சாட்சி, ஒன் வேலை எங்கயும் போகாது."

பிழைத்தோம் என்று காளீஸ்வரன் புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்தான். அய்யாதுரை வக்கீலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு வக்கீல் சொன்னார்: "தாராளமா ஜெயிக்கலாம் அண்ணாச்சி. வரைஞ்சவர் கூண்டுல ஏறி, சிவகாசிக்குக் கடலைக் கொண்டாந்தது நாந்தான்னு சத்தியம் பண்ணுனாப் போதும்."