பதினேழாம் நம்பருக்கு ஒரு அவசரச் செய்தி

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. அம்மாவை வீட்டுக்குக் கூப்பிடணும்.

கோலாலம்பூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்குற நான் லீவு போட்டு தேயிலை எஸ்டேட்டுக்கு வந்ததே, என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னுதான். வந்த இடத்துலயும் சும்மா இருந்தேனா? காலையில லேப்டாப்போட உட்கார்ந்து, கம்ப்யூட்டரையே இயக்குற கெர்னல் புரோகிராம்ல ஒரு தப்பைத் திருத்தி அனுப்பினேன்.

என்ன தப்பு? உள்ளே ஓடுற ஒவ்வொரு வேலைக்கும் திரெட்னு பேரு; கெர்னல்ல ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. "வேலையை நிறுத்து"ன்னு சிக்னல் அனுப்ப அந்த நம்பர் போதும். ஆனா அந்த திரெட் முடிஞ்சுபோய், அதே நம்பர் புதுசா வந்த ஒண்ணுக்குப் போயிருந்தா? சம்பந்தமே இல்லாத அப்பாவி தலையில சிக்னல் விழும். அதனால அனுப்புறதுக்கு முன்னாடி, இது அதே ஆளுதானான்னு பார்க்கணும்.

"இதைக்கூடப் பார்க்காம எவன் எழுதினான்?"னு கூடவே ஒரு குத்தலும் எழுதி வெச்சேன். அவ்வளவு பெருமை!

அப்போ வாசல்ல கார் சத்தம். தானா ராத்தா டவுன்லருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. மத்தியானம் வர வேண்டியவங்க!

அப்பா ஸ்ட்ராபெரி வாங்க கியா பார்முக்குப் போயிருக்கார். அம்மா வேலைக்காட்டுல. நான் பழைய ஜெர்சியில!

அம்மாவுக்குப் போன் போட்டா, சமையல்கட்டுலயே மணி அடிக்குது. உடனே எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிக்கு அடிச்சேன். புது ஆளு.

"அங்கிள், பதினேழாம் நம்பரை உடனே வீட்டுக்கு அனுப்புங்க!"

நான் பள்ளிக்கூடம் போன காலத்துலருந்து எங்கம்மா பறிச்ச கொழுந்தை நிறுத்து எழுதுறது அந்த நம்பர்லதான்.

"பேரு என்னம்மா?"

"பேரெல்லாம் எதுக்கு லா அங்கிள்? பதினேழு. கடைசி லயம், நீலக் கதவு வீடு. ரொம்ப அவசரம்னு சொல்லுங்க!"

கொஞ்ச நேரத்துல மேட்டுல கங்காணியோட மைக் அலறுறது வீடு வரைக்கும் கேட்டுச்சு.

மாப்பிள்ளையோட அம்மா கேசரியை வாயில வைக்கப் போறாங்க. படார்னு கதவு திறந்துச்சு. ரப்பர் பூட்ஸ், முதுகுல கூடை, மூச்சு வாங்கிக்கிட்டு ஒரு பங்களாதேஷ்காரர்!

"துஜோ பெலாஸ்! சாயா துஜோ பெலாஸ்!"

தான்தான் பதினேழுன்னு மலாய்ல கத்துறார். ஊர்ல யாருக்கு என்ன ஆச்சோன்னு கண்ணு கலங்கிப்போய் நிக்குறார். எனக்குப் பாவமா போச்சு. உட்கார வெச்சு கேசரி குடுத்தேன்.

மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்க: "இவரு யாரும்மா?"

"தெரியாது ஆன்ட்டி."

"தெரியாதவரு ஏன் அழுதுக்கிட்டு உன் வீட்டுக்கு ஓடி வர்றாரு?"

"நான்தான் அவசரமா வரச் சொன்னேன் ஆன்ட்டி."

சொல்லும்போதே எனக்குக் கேக்க நல்லா இல்ல.

மத்தியானம்தான் அம்மா சாவகாசமா வந்தாங்க. "அட ரபீக்! நான் செடி நர்சரிக்கு மாறினதும் என் நம்பரை உனக்குத்தானே குடுத்தாங்க? நீ எங்க இங்க?"

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்"னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பிட்டாங்க. பையனை எனக்கு நிஜமாவே பிடிச்சிருந்துச்சு. அதான் கடுப்பு!

சாயங்காலம் கெர்னல் ஆளுங்ககிட்டருந்து மெயில் வந்துச்சு. என் திருத்தத்தை ஏத்துக்கிட்டாங்களாம். "ஆளைச் சரிபார்க்குறதுல இவ்வளவு கவனமா இருக்குறவங்க குறைவு"ன்னு பாராட்டு வேற.

அதை அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்பலாம்னு இருக்கேன். நம்பர் இன்னும் அவரோடதுதானான்னு முதல்ல விசாரிச்சுக்கிறேன்.