உள்ளபடி சார் நிரப்பிய பசுமைப் படிவம்

பொய் எழுதச் சொன்னால் விக்கல் எடுக்கும் கணக்கர் காவிரி டெல்டாவிலேயே ஒருவர்தான் இருந்தார். திருவாரூர் பக்கம் நான் டைப்பிஸ்டாக இருந்த அரிசி ஆலையில்தான் அவருக்கு வேலை. எதற்கும் "உள்ளபடி எழுதிடுவோம்" என்பார். அதனால் அவர் உள்ளபடி சார்.

ஏற்றுமதி சூடு பிடித்த காலம். லாபம் வருஷா வருஷம் படிக்கட்டு மாதிரி ஏறுவதாகக் காட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. குறுவை பொய்த்த வருஷம், அடுத்த வருஷ விற்பனையில் கொஞ்சத்தை அந்த வருஷக் கணக்கிலேயே சேர்க்கச் சாரிடம் சொன்னார்.

"மேட்டூர்த் தண்ணியே ஒரே சீரா வரலைங்க. நம்ம லாபம் மட்டும் எப்படிங்க வரும்?" என்ற சாருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. கடைசியில் முதலாளியே தண்ணீர்ச் சொம்பை நீட்டி, அந்த யோசனையைக் கைவிட்டார்.

பிறகு எங்கள் அரிசியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து ஒரு படிவம் வந்தது. சுற்றுச்சூழலையும் தொழிலாளர்களையும் ஆலை எப்படி நடத்துகிறது என்று மதிப்பெண் போடுவார்களாம். குறைந்தால் ஆர்டர் கிடையாது. நான் எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் அடித்து வைத்தேன். சார் அத்தனையையும் அடித்துத் திருத்தினார்.

‘கழிவுநீர் எங்கே போகிறது?’

‘வாய்க்காலுக்கு. இறங்கிப் பார்த்தேன். இன்னும் கால் அரிக்கிறது.’

‘பெண்களுக்குச் சம வாய்ப்பு உண்டா?’

‘உண்டு. வெயிலில் நிற்பதில் ஆண், பெண் பேதமில்லை.’

முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஆலைக்குக் கடைசித் தரம்தான் கிடைத்தது. ஆர்டர் நின்றது. களத்தில் நெல் காயவைக்கும் பெண்களுக்குப் பாதி நாள்தான் வேலை. அன்றிலிருந்து சார் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

நான்காம் நாள் களத்திலிருந்து செல்லம்மா அக்கா நேரே அவர் மேசைக்கே வந்தார். "நீங்க எழுதினதுல எது பொய்ங்க சார்? முதல்ல சாப்பிடுங்க." சார் தலை குனிந்தபடியே டப்பாவைத் திறந்தார்.

மூன்று வாரத்தில் அந்தக் கம்பெனியே எழுதியது: குறைகளைச் சரிசெய்தால் மறுபடி பார்க்கிறோம். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கழிவுநீருக்குத் தொட்டி கட்டினார். களத்தோரம் நிழலுக்குக் கொட்டகை போட்டார். அறுவடைக்குள் ஆர்டர் திரும்பி வந்தது, முன்பைவிடச் சின்னதாக.

மறு வருஷம் எனக்கு துபாயில் வேலை கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்கு சார் வந்திருந்தார்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுப்பா."

"உங்க வீட்டுல போனே இல்லையே சார்?"

"ஆபீஸுக்குப் பண்ணு. ஒம்போது மணிக்கெல்லாம் வந்திருப்பேன்."

ஆபீஸ் திறப்பது பத்து மணிக்கு. மறுநாள் ஊரில் ஒன்பது அடிக்கும் நேரம் பார்த்து துபாயிலிருந்து எண்ணைச் சுழற்றினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.