முளைவிட்ட நீர்க்கட்டி

2003-ஆம் வருடம் ஆவணியில் விளாத்திகுளத்தில் மழை கொட்டவில்லை, கூட்டம்தான் கொட்டியது. செவ்வாய்க்கிழமை ஆனால் போதும், புதூரிலிருந்தும் கயத்தாறிலிருந்தும் பெண்கள் பஸ் பிடித்து வந்து, ஊர்க்கோடியில் இருந்த பழைய பருத்திக் குடோன் முன்னால் வரிசை கட்டினார்கள். உள்ளே வீற்றிருந்தவர் குழல் சித்தர். பெற்றோர் வைத்த பெயர் சாமித்துரை. சித்தர் என்பது அவரே வைத்துக்கொண்டது.

அவருடைய வைத்தியம் ரொம்ப எளிது. சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேன் சொல்லிவிட்டதா? மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம். அடிவயிற்றில் ஈரத்துணியைப் போட்டு, அதன்மேல் பித்தளைக் குழலை வைத்து வாயால் உறிஞ்சுவார். பிறகு இலைத்துண்டில் துப்புவார். வழவழவென்று, நடுவில் கறுப்புப் புள்ளியோடு ஏழெட்டு மணிகள் விழும். அதுதான் கட்டியாம்! தோலும் கிழியாமல் ரத்தமும் வராமல் அது எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குத்தம். மூன்று தடவை உறிஞ்சினால் நான்காவது மாதம் முழுகாமல் இருப்பாள் என்று உத்தரவாதம் வேறு.

வேலுத்தாயை அங்கே இழுத்து வந்தவள் அவளுடைய மாமியார் வெயிலம்மாள். கல்யாணமாகி நாலு வருடம். வேலுத்தாய்க்கு மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. கோவில்பட்டி டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து மாத்திரை எழுதி, தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். வெயிலம்மாளுக்குப் பொறுமை இல்லை.

"ஏட்டி, மூணு தடவ உறிஞ்சட்டும். அதுக்கும் ஒண்ணும் நிக்கலன்னா எம் பிள்ளைக்கு வேற பொண்ணு பாக்கப்போறேன், சொல்லிட்டேன்."

புருஷன் செண்பகராஜ் அந்நேரம் பார்த்து ஆடு கத்துகிறது என்று வெளியே போய்விட்டான். ஆடு கத்தவே இல்லை.

முதல் தடவை உறிஞ்சியதும் சித்தர் சொன்னார்: "கோவில்பட்டி மாத்திரைய இன்னையோட நிறுத்திரு. கட்டியக் கொண்டுபோயி ஓடுத தண்ணியில விட்டுரு."

வெயிலம்மாள் மாத்திரை அட்டையை அன்றைக்கே அடுப்பில் போட்டாள். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? வைப்பாற்றில் வெறும் மணல்தான் கிடந்தது. கட்டி, பாட்டிலில் ஈரத்தோடு ஜன்னலில் இருந்தது.

நாலாம் நாள் வேலுத்தாய் பார்த்தாள். ஒரு மணியிலிருந்து வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. வருடா வருடம் விதைப்புக்கு முன்னால் மிளகாய் விதையை ஈரத்துணியில் முடிந்துவைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறவள் அவள். முளையை அவளுக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. ஒரு சிரட்டையில் கரிசல் மண்ணை நிரப்பி அதை ஊன்றினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டாம் தடவையும் போய்ப் படுத்து எழுந்தாள். ஐந்து வாரம் கழித்து, மூன்றாம் தடவை அந்தச் சிரட்டையோடு போனாள்.

"என்னம்மா, பூசைக்கா?" என்றார் சித்தர்.

"இல்ல சாமி. எம் வயித்துல இருந்து நீங்க எடுத்த கட்டி. மண்ணுல போட்டேன், துன்னூத்துப்பச்சிலையா வந்திருக்கு. மோந்து பாருங்க."

சர்பத்தில் ஊறவைத்துப் போடும் சப்ஜா விதை அந்தத் திருநீற்றுப்பச்சிலைச் செடியினுடையதுதான். கூட்டம் சிரித்திருக்க வேண்டும். சித்தர் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா! தோசம் பச்சிலையா மாறிட்டு!"

ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி, "ரெண்டு இலை குடு தாயி" என்று கை நீட்டினாள். வெயிலம்மாள் சிரட்டையையே கும்பிட்டாள். வேலுத்தாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் சித்தர் திரும்பிக் குனிந்து, குழலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். கன்னம் லேசாக உப்பியிருந்தது.

வேலுத்தாய் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். "வாயக் கொப்பளிச்சுட்டு உறிஞ்சுங்க சாமி."

சித்தர் தலையை ஆட்டி மறுத்தார். பேசவில்லை.

வரிசையில் நின்ற ஸ்டெல்லாமேரி சத்தம் போட்டாள்: "தண்ணிதான? கொப்பளிச்சா என்ன கொறஞ்சா போவுது?"

நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. சித்தருக்கு வேறு வழியில்லை. மடக்கென்று விழுங்கினார். பிறகு கொப்பளித்தார், குழலை வைத்தார், கழுத்து நரம்பு புடைக்க உறிஞ்சினார், துப்பினார். இலையில் எச்சில் மட்டும்தான் விழுந்தது. அடுத்தவளுக்கும் எச்சில்தான். யாரோ அவருக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பாயைத் தூக்கிப் பார்த்தார்கள்; ஊறவைத்த சப்ஜா, ஒரு கிண்ணம் நிறைய. சித்தர் பின்வாசல் வழியாக ஓடினார். வேலுத்தாயின் கட்டி மட்டும் அன்று அவர் வயிற்றில்!

மறுநாள் மாமியார், மருமகள், செண்பகராஜ் மூன்று பேரும் கோவில்பட்டிக்குப் போனார்கள்.

"இது உறிஞ்சி எடுக்கிற கட்டியே இல்லம்மா. முட்டை முழுசா வளராம பாதியிலேயே நிக்குது, அவ்வளவுதான். மாத்திரைய விடாதீங்க, நடங்க. சர்க்கரையும் பாக்கணும். வீட்டுக்காரரையும் சோதிக்கணும்" என்றார் டாக்டரம்மா.

"எம் பிள்ளைய எதுக்கு?" என்றாள் வெயிலம்மாள்.

"குழந்தை ரெண்டு பேருக்கும்தானம்மா?"

"என்னைக்குச் சரியாவும்?"

"தேதி சொல்ல முடியாது. மூணு மாசம் பாப்போம்."

வெளியே வந்ததும் வெயிலம்மாள் முனகினாள்: "அவன் மூணே தடவன்னு அடிச்சுச் சொன்னான். இவிய என்னடான்னா பாப்போம்ங்காவ."

"அப்படிச் சொல்லுதவியளத்தான் நான் நம்புவேன் அத்தை. வேற பொண்ணு பாக்கதுன்னா, முதல்ல உங்க பிள்ளையச் சோதிச்சுட்டுப் பாருங்க" என்றாள் வேலுத்தாய். இந்தத் தடவை செண்பகராஜுக்கு எந்த ஆடும் கத்தவில்லை. லேப் வரிசையில் போய் நின்றான்.

நாள் குறித்து உத்தரவாதம் கொடுப்பவன் காலில் விழுகிறோம். சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்பவரிடம் முகம் சுளிக்கிறோம். யோசிக்கச் சித்தர் எதற்கு ஐயா? கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் பயன்படுத்தினால் போதும்.