மெசேஜ் போயிடுச்சு

"போவுது. ஆனா வர்ல," என்றான் வரதன்.

மொபைல் கடை ஆன்றோ, பிரித்துப் போட்டிருந்த போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னாண்ணே போவுது, இன்னா வர்ல?"

"மெசேஜுப்பா. போன வாரம் உங்கிட்டதானே இந்தப் புது போன வாங்கனேன்? நான் அனுப்புறது போவுது. பதிலு வர்ல."

"யாருக்கு அனுப்புன?"

வரதன் கடைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒருமுறை பார்த்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றன. தெரிந்த முகம் எதுவும் இல்லை. "ஒரு ஆளுக்கு," என்றான்.

ஆன்றோ போனை வாங்கிப் பார்த்தான். "அண்ணி பேரு போட்டு கீது?"

"அண்ணியும் ஒரு ஆளுதானே?"

வரதன் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அது வயிற்றுக்கு. தெருவில் அவனுக்கு வேறு உத்தியோகம். எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தாலும் தீர்த்து வைக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டாலும் வருவான். 'பஞ்சாயத்து வரதன்' என்றால் தபால்காரருக்கும் தெரியும். எதிர்வீட்டு திலீப்பையும் மோகனப்ரியாவையும் உட்கார வைத்து, "பொண்டாட்டி மன்சுல இன்னா கீதுன்னு அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி தெர்ஞ்சிக்கணும். அவன்தான்டா புருசன்," என்று வகுப்பெடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அப்படிப்பட்டவன் முந்தாநாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி மீட்டர் பெட்டி மேல் இருந்தது. அடுப்பில் சங்கரா மீன் குழம்பு மூடியிருந்தது. மலர்க்கொடியைக் காணோம். அலமாரியில் அவள் புடவைகள் நாலைந்தும் காணோம். போன் செய்தான், கட் செய்தாள். மறுபடி செய்தான், மறுபடியும் கட். அப்புறம் சுவிட்ச் ஆஃப்.

அன்று காலையில் அவள் ஏதோ சொல்ல வந்ததும், புது போனில் முகத்தைப் புதைத்திருந்த அவன், "சும்மா தொணதொணன்னாத, அப்பால சொல்லு," என்று எரிந்து விழுந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தன.

கோபித்துக்கொண்டு எண்ணூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சந்தேகமே இல்லை. நேரில் போய்க் கூட்டி வரலாம்தான். ஆனால் பஞ்சாயத்து வரதன் மாமியார் வீட்டு வாசலில் நின்ற சேதி, அவன் திரும்பி வரும் ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிடும். அதனால்தான் மெசேஜ். மலர்க்கொடியிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் கிடையாது.

"டெலிவர்டுன்னு கீது பாருண்ணே," என்றான் ஆன்றோ. "எல்லாம் போயிடுச்சு. போன்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு வேற எங்கியோ கீது."

"எங்க?"

"அத நான் சொல்லக் கூடாது."

அவன் மேல் இரக்கப்பட்டு ஆன்றோ ஒரு உதவி செய்தான். "இப்டி நாலு எழுத்து டைப் பண்ணா எந்தப் பொம்பளண்ணே பதில் போடும்? இந்த மைக்க அமுக்கிகினு பேசு. அதுவே எழுதிக்கும். மன்சார பேசு."

வரதன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மனதாரப் பேசினான். "காலைல உன்னாண்ட கத்தனது தப்புதான் மலரு."

பதில் இல்லை.

மறுநாள் யார்டு கேன்டீனில் கூட்டாளி அமீருதீனைப் பிடித்தான். "எனக்கு ஒரு மெசேஜ் போடு மாமு, வருதான்னு பாப்போம்."

அமீருதீன் டீயை வைத்துவிட்டு ஏதோ தட்டினான். வரதனின் போன் உடனே கிணுகிணுத்தது. 'வந்துச்சா தோஸ்து' என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது. அது வாட்ஸ்அப் என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"போனு ஷோக்கா கீது நைனா," என்றான் அமீருதீன். "யார்னா உனக்கு பதில் போடலன்னா, வேணும்னுதான் போடல."

காலையில் கத்தியதற்கு இத்தனை கோபம் வராது. மலர்க்கொடிக்கு வேறு ஏதோ தெரிந்துவிட்டது. எது தெரிந்துவிட்டது என்பதுதான் கேள்வி. யோசிக்க யோசிக்க, தெரிந்துவிட்டிருக்கக் கூடியவை நிறைய இருந்தன.

அன்று சாயங்காலம் மைக்கை அமுக்கினான். "உன் தங்கச்சி வளகாப்பு அன்னிக்கு டபுள் ஷிப்ட்டுன்னு சொன்னேன்ல. ஷிப்ட்டு இல்ல. ராயபுரத்துல கேரம் டோர்னமென்ட்டு. மொத ரவுண்டுலயே தோத்துட்டேன்." கடைசி வரி இரக்கத்துக்காகச் சேர்த்தது.

பதில் இல்லை. அப்படியானால் அது இல்லை.

"ஏழ்ர மணி சீரியலு ஒரு வாரம் வர்லன்னு கேபிள்காரப் பையன அந்தத் திட்டு திட்டனியே... ஒயரப் புடுங்கனது நான்தான்."

பதில் இல்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான். அவளுடைய பச்சைப் பட்டுப் புடவை. ஆச்சரியப்படட்டும் என்று, அவளுக்குத் தெரியாமல் இஸ்திரிக்குக் கொடுத்தான். முந்தானை பொசுங்கி வந்தது. எலி கடித்துவிட்டது என்று சொல்லி, தெருவெல்லாம் எலிப்பொறி வைக்கச் செய்தவன் அவன். கண்ணை மூடிக்கொண்டு அதையும் சொல்லி அனுப்பிவிட்டான். அனுப்பிய பிறகுதான் படித்தான்.

போன் அவன் பாஷையைக் கலீஜ் என்று நினைத்ததோ என்னவோ, சுத்தத் தமிழில் எழுதியிருந்தது. 'உன் பச்சைப் பட்டுப் புடவையை எலி கடிக்கவில்லை. நான்தான் ஸ்திரீக்குக் கொடுத்தேன். உன்னிடம் சொல்ல பயமாக இருந்தது.'

வரதன் எழுந்து நின்றான். பதறிப் போய் மறுபடி மைக்கை அமுக்கினான். "அய்யய்யோ, அது ஸ்திரீ இல்ல மலரு, இஸ்திரி! இஸ்திரி!"

போன் எழுதியது: 'ஐயையோ அது ஸ்திரீ இல்லை மலர், ஸ்திரீ ஸ்திரீ.'

அதுவும் போயிடுச்சு.

இதற்கு மேல் மேலிடத்தில்தான் முறையிட வேண்டும் என்று சிம் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தான். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது.

"மெசேஜ் வர்லம்மா."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். புகாரைப் பதிவு செய்ய உங்கள் எண்ணுக்கு ஒரு ரகசிய எண்ணை மெசேஜில் அனுப்பியிருக்கிறோம். அதைச் சொல்லுங்கள்."

"மெசேஜே வர்லன்றதுதாம்மா புகாரு."

"புரிகிறது சார். அந்த எண்ணைச் சொன்னால்தான் உதவ முடியும்."

"அது வர்லம்மா."

"அப்படியானால் மெசேஜ் வரவில்லை என்று தனியாக ஒரு புகார் கொடுங்கள் சார். அதற்கு ஒரு ரகசிய எண் அனுப்புகிறேன்."

வரதன் போனை வைத்தான். ஆனால் ஒன்று புரிந்தது. போனில் கோளாறு இருக்கிறது. மலர்க்கொடி பதில் போட்டிருக்கலாம்! மன்னித்துக்கூட இருக்கலாம்! விடிந்ததும் ஆன்றோ கடைக்கு ஓடினான்.

ஆன்றோ இந்த முறை நன்றாகவே நோண்டினான். "சிம்மு நெறஞ்சி கீதுண்ணே. உன் பழைய பட்டன் போன் மெசேஜெல்லாம் இதுலயே குந்திகினு கீது. புதுசு உள்ள வர எடமில்ல. மொத்தமா தொடச்சிடவா?"

"தொட்ச்சிடு."

துடைத்தான். போன் பொங்கல் பானை மாதிரிப் பொங்கியது. தலைமுடி கொட்டுகிறதா என்று ஒன்று. காது மெஷின் பாதி விலைக்கு என்று ஒன்று. உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள் என்று ஒன்று.

"மலரு அனுப்பனது எங்கப்பா?"

"ரெண்டு நாள் தாண்டுன மெசேஜ கம்பெனியே தூக்கிப் போட்டுடும்ணே. அப்புறம்... சிம்ல இருந்த நம்பரெல்லாமும் சேந்து போயிடுச்சு. அண்ணி நம்பரு மன்ப்பாடமா தெரியும்ல?"

இருபது வருஷமாக 'மலர்க்கொடி' என்ற பேரை அமுக்கித்தான் வரதனுக்குப் பழக்கம்.

வீட்டுக்கு நடக்கும்போது ஏதோ ஒரு நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. 'யாரு அது?'

தொடக்கம் முதல் அவன் அனுபவித்த பேஜாரெல்லாம் அந்த நம்பர் மேல் திரும்பியது. பழைய மெசேஜ் எதையும் திறந்து பார்க்காமல், திரையின் மேலே எட்டிப் பார்த்த அறிவிப்பிலேயே 'நீ யாரு?' என்று பதில் போட்டான்.

'நான் யாரா? நல்லா கீதுய்யா.'

'ராங் நம்பர். இனிமே மெசேஜ் போடாத,' என்று அனுப்பிவிட்டு, ஒரு பிரச்சனையையாவது ஆம்பளையாக முடித்தோம் என்று நிமிர்ந்து நடந்தான்.

வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். மோகனப்ரியா வந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. மலரு நம்பரு உங்கிட்ட கீதா?"

"அக்கா நம்பரா? உங்க பொண்டாட்டி நம்பரா?" அவள் குரல் மூன்றாவது வீடு வரை போனது. "ஏண்ணே, அக்கா ஊர்ல இல்லியா?"

திலீப் எழுந்து வந்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்கள். மோகனப்ரியா தன் போனில் நம்பரைத் தேடி, வரதனின் போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். அழுத்தி முடித்ததும் அவன் அனுப்பியது, வந்தது எல்லாம் கீழே வரிசையாக விரிந்தன. அவள் நிதானமாகப் படித்தாள். திலீப்பும் எட்டிப் படித்தான்.

"அண்ணே," என்றாள் கடைசியில். "அக்காவப் போய் ராங் நம்பருன்னு சொல்லியிருக்கீங்க."

வரதன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"யாருண்ணே அந்த ஸ்திரீ?" என்றான் திலீப், மரியாதையாக.

"இஸ்திரிடா! துணி தேய்க்கிற பொட்டி!"

"பொட்டிக்கு எதுக்குண்ணே பட்டுப்பொடவ?"

அதற்கப்புறம் பஞ்சாயத்து மோகனப்ரியா கைக்குப் போனது. தீர்ப்பும் உடனே வந்தது. வரதன் நேரில் போக வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். பாதி வழியில் இறங்கி ஓடிவிடாமல் இருக்க அவளும் திலீப்பும் கூட வருவார்கள். ஒரு ஷேர் ஆட்டோவில் அவனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். தன்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று வரதனுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. நன்றாகவே இல்லை.

எண்ணூரில் மாமியார் அங்கம்மா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மருமகன் முகத்தில் முழிக்கக் கூடாது என்ற வைராக்கியம் போலிருக்கிறது என்று வரதன் நினைத்தான்.

மலர்க்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். "வாங்க. ராங் நம்பரு வூடு தேடி வந்துகிறீங்களே?"

"மலரு, அது இஸ்திரி..."

"கேரமு?"

"கேரமு நெசம்."

"அந்தக் கேபிள்காரப் பையன நடுத்தெருவுல நிக்க வெச்சி கேட்டேனேய்யா! அவங்கம்மாவே வந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சே!"

வரதன் கைகளைக் கூப்பினான். மோகனப்ரியாவையும் திலீப்பையும் மறந்தான். தெருவை மறந்தான். "எல்லாமே தப்புதான் மலரு. இந்த நாலு நாளா நான் ஒழுங்கா துண்ணல, தூங்கல. நீ இல்லாத வூடு வூடாவே இல்ல. எதுவா இருந்தாலும் திட்டு, அடி. இப்டி கோச்சிகினு மட்டும் வந்துடாத. வா, வூட்டுக்குப் போலாம்."

மோகனப்ரியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது மலர்க்கொடியின் தம்பி பாரி, சொட்டு மருந்தும் பஞ்சுமாக வெளியே வந்தான். அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா எங்க மாமா கோச்சிகினு வந்துச்சி? அம்மாவுக்கு கண்ணு ஆபரேசன், ஆஸ்பத்திரில போன் எடுக்க வுடமாட்டாங்க, முடிஞ்சதும் வந்துர்றேன்னு உனக்கு மெசேஜ் போட்டுட்டு சிரிச்சிகினேதான் வந்துச்சி. கோவமெல்லாம் உன் மெசேஜ் வர ஆரம்பிச்சதுக்கு அப்புறந்தான்."