நிதானம் ஜெயித்த சனிக்கிழமை

குதிரைப் பந்தயத்தில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. ஜெயிக்கும் என்று ஊரே சொல்லும் குதிரையை நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். யாரும் சீந்தாத குதிரை, மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட விரட்டச் சோம்பல்படுகிற குதிரை, அதுதான் என் குதிரை. ஒரே ஒரு தடவை ஜெயித்தால் போதும், ஒன்றுக்கு நாற்பது! என் முடிதிருத்தும் கடைக்கு வருகிற எல்லாருக்கும் இதை விளக்கிச் சொல்வேன். கழுத்தில் கத்தி இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

மறுத்துப் பேச வீட்டில் ஆள் இருக்கிறது.

"ஏங்க, தெரிஞ்சே நோஞ்சான் குதிரை மேல காசைக் கட்டுறீங்களே, புத்தி எங்க மேயப் போச்சு?"

"எவனும் நம்பாததை நம்புறதுக்கு ஒரு தைரியம் வேணும்மா."

"எங்கப்பாவுக்கு இருந்துச்சே! உங்களை நம்பி என்னைக் கட்டிவெச்சார். குதிரை இன்னும் கிளம்பின இடத்துலயே நிக்குது."

இப்படிப் பேசுவாளே தவிர, சனிக்கிழமை ஆனால் கைக்குழந்தையோடு என்கூடவே மைதானத்துக்கு வந்துவிடுவாள். சீட்டு வாங்க ஆண்கள் வரிசை மலைப்பாம்பு நீளம். பெண்கள் வரிசை பல்லி வால்.

"குழந்தையைப் பிடிங்க. நான் போய் வாங்கிட்டு வரேன்."

காசையும் குதிரையின் பெயரையும் கொடுப்பேன். போவாள், வருவாள். குதிரை தோற்கும்.

"சீட்டைக் காட்டு."

"தோத்த சீட்டைப் பாத்தா உங்க வயிறுதான் எரியும். அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன்."

என்ன கரிசனம்! எனக்குக் கண்ணே கலங்கிவிடும்.

ஒருநாள், குதிரை லாயத்தில் வேலை செய்கிற மீசைக்காரர் மீசையைச் சீராக்க வந்தார். "அண்ணே, எங்ககிட்ட நிதானம்னு ஒண்ணு இருக்கு. பேருக்கு ஏத்த குதிரை. போன தடவை அது வந்து சேர்றதுக்குள்ள கேட்டையே பூட்டிட்டாங்க. ஆனா ரெண்டு நாளா அது முழியே சரியில்ல. ஓடிடுமோன்னு பயமா இருக்கு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஜென்மம் முழுக்க நான் காத்திருந்த குதிரை அல்லவா! சனிக்கிழமை மைதானத்தில் அந்த வார வருமானத்தை அப்படியே மனைவி கையில் வைத்தேன்.

"முழுசுமா?"

"முழுசும்."

"நிதானம் மேலயா?"

"நிதானம் மேலதான்."

"கொஞ்சம் நிதானமா யோசிச்சீங்களா?"

"வாயைக் குறைச்சுட்டு வரிசைக்குப் போம்மா!"

ஓட்டம் ஆரம்பித்தது. நிதானம் வழக்கம்போல் கடைசியில் தென்றலாய் வந்தது. வளைவில் முன்னால் போன இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒதுங்கின. மற்றவை மிரண்டு நின்றன. நிதானத்துக்கு மிரளவும் சோம்பல். நேரே ஓடி ஜெயித்துவிட்டது!

குழந்தையைத் தூக்கிப் போட்டேன். நல்லவேளை, பிடித்தும் விட்டேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளுக்கு முத்தம் கொடுத்தேன்.

"எடு சீட்டை! நாப்பது மடங்கு!"

அவள் குழந்தையின் குல்லாவைச் சரி செய்தாள்.

"எடும்மா!"

"ஏங்க, கோவப்படக் கூடாது. இன்னைக்கு மட்டும் வாங்கல."

"என்னது!"

"ஒரு வாரச் சம்பாத்தியம் ஆச்சே, மனசு வரல."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அடிப்பாவி! என் நாப்பது மடங்கு போச்சே!"

"எங்க போச்சு? நல்லா யோசிங்க. இத்தனை நாளும் நீங்க சொன்ன குதிரை மேல எல்லாம் கட்டினோம். ஒண்ணாவது ஓடுச்சா?"

"ஓடல."

"இன்னைக்குக் கட்டல. ஓடிடுச்சு. உங்க காசு பாரம் இல்லாம போனதாலதானே ஓடுச்சு?"

யோசித்தேன். நியாயமாகத்தான் பட்டது! நிதானத்தை ஜெயிக்க வைத்ததே நான்தான் என்று கடையில் எல்லாரிடமும் சொன்னேன். கத்தி கழுத்தில் இருந்ததால் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மீசைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். "அண்ணே, எங்க குதிரை மேல இனிமேயும் காசு கட்டிடாதீங்க."

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்தால், வாசலில் இரண்டு பேர் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புத்தம்புது வாஷிங் மிஷின்.

"அந்த வாரக் காசுல வாங்கினேங்க," என்றாள் மனைவி. "முழுப் பணமும் கட்டியாச்சு, பாக்கி இல்ல."

"ஒரு வாரக் காசுல இவ்வளவு பெரிய மிஷினா? எப்படிம்மா?"

"அது கொசுறுதாங்க. மிச்சமெல்லாம் இத்தனை சனிக்கிழமையும் நீங்க தோத்த காசு."