ஒரு வாளி ஊற்றிப் பார்த்த வீடு

ஆடுகோடி, பெங்களூர்
16.9.2002

மரியாதைக்குரிய மச்சான் கோவிந்தன் அவர்களுக்கு, குணசேகர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் யாமினியும் நலம். தங்கவயலில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டை நானே பரிசோதித்துவிட்டேன், எந்த மழைக்கும் தண்ணீர் நிற்காது, வருகிற ஞாயிறு வந்து வீட்டை வாங்கத் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அந்தப் பரிசோதனை என்பது ஒரு வாளித் தண்ணீர். வாசற்படியில் நின்று ஊற்றினேன், சரசரவென்று ஓடித் தெரு ஓரத்து மழைநீர்க் குழாயின் கம்பி மூடி வழியாக உள்ளே இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் சேஷகிரி, "நோடி சார், பாருங்க, ஒரு சொட்டு நிக்குதா?" என்றார். நானும் எட்டாம் வகுப்பு படித்த என்ஜினியராகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வாளிகூட அவருடையதுதான்.

இதை யாமினியிடம் பெருமையாகச் சொன்னது தப்பாகப் போயிற்று. அவள் வேலை செய்யும் தொம்மலூர் ஆபீசில் இப்போது நம் தெருப் பக்கத்து மழைநீர்க் குழாய்களுக்குத்தான் பிளான் போடுகிறார்கள். சனிக்கிழமை சாப்பாட்டு டப்பாவை மறந்து போனாள், கொண்டுபோய்க் கொடுத்தேன், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டாள். "அப்பா, நீ ஊத்துன தண்ணி போச்சு, சரி. கொழாய்க்குள்ள எடம் இருந்துச்சு, போச்சு. மழையன்னிக்கு எடம் இருக்குமா?" என்றாள். தண்ணி மேலேர்ந்து கீழதானேம்மா போகும் என்றேன். "எவ்ளோ தண்ணி வருதுன்னு மேலேர்ந்துதான் கூட்டிக்கினு வருவோம். எவ்ளோ ஒசரத்துல நிக்கும்னு மட்டும் கீழேர்ந்து மேல போவணும்" என்றாள். எனக்குக் கண்ணைக் கட்டியது. மகள் இங்கிலீஷில் தெளிவாகப் பேசினால் புரியாது, தமிழில் தெளிவாகப் பேசியும் புரியவில்லை.

கடைசியில் உதாரணத்துக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டாள். அதாவது, மட்டம் பார்க்க அவர் தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடிக்கிறாரே, அதைச் சொன்னாள். டியூபின் ஒரு முனை நம் தெருக் குழாய் போய் விழும் ஏரியில், மறு முனை நம் தெருவில். ஏரியில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதற்குக் கீழே தெருவில் இறங்காது. இதில் தண்ணீர் ஓடிக்கொண்டும் இருப்பதால், குழாய்க்குள் உரசி வருவதற்குக் கொஞ்சம், மேன்ஹோல் குழிக்குக் குழி திரும்புவதற்குக் கொஞ்சம் என்று ஏரியிலிருந்து மேலே வரவர உயரத்தைக் கம்ப்யூட்டர் கூட்டிக்கொண்டே வருகிறது. திரையில் அது ஒரு நீலக் கோடு. தெருவுக்குக் கீழே இருந்தால் பிழைத்தோம், மேலே வந்தால் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வெளியே வரும்.

ஆனால் ஏரி மட்டம் கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம், ஆள்தான் சொல்ல வேண்டும். முதலில் சாதாரண நாளின் மட்டத்தைப் போட்டுக் காட்டினாள். கோடு பூமிக்குள் சாதுவாகப் படுத்திருந்தது. "பாத்தியா, என் வாளி சொன்னதுதான்" என்று எழுந்தே நின்றுவிட்டேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உக்காருப்பா" என்றாள். பிறகு ஏரி நிறைந்த மட்டத்தைத் தட்டினாள். கோடு எழுந்து, குழிக்குக் குழி ஏறி, சேஷகிரி வீட்டு வாசற்படிக்கு மேல் ஒரு ஜாண் நின்றது. நம் வீட்டுப் படியை மட்டும் தொடவில்லை. நம் படி அத்தனை உயரமாக இருப்பது வீடு கட்டிய மேஸ்திரியின் கைத்தவறு. அதற்காக அன்றைக்கு அவரோடு சண்டை போட்டவன் நான்.

"பெரிய கொழாயா போட்டா?" என்று கேட்டேன். "ஒரசல் கொறையும், ஏரி கொறையாது." "ஏரி எப்பவுமா நெறஞ்சிருக்குது?" "இல்ல, பெரிய மழைக்குத்தான். அன்னிக்கு மட்டும் மாமா வீட்ட மடிச்சு எடுத்துக்கினு போவாரா?"

நாற்காலியை ஓரமாகப் போட்டுவிட்டு வந்தேன், மச்சான். சுரங்கத்தை மூடியபோது உங்கள் கைக்கு வந்த பணம் ஒரு வீட்டுக்குத்தான் காணும், இன்னொரு வீட்டுக்குக் காணாது. அதை என் வாளியை நம்பிக் கொட்ட வேண்டாம். இந்த வீடு வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் மேடான இடத்தில் நல்லபடியாக வாழ என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்
குணசேகர்

பி.கு.: உறையில் போடும் முன் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்துவிட்டாள். "எங்கண்ணன் பத்தாயிரம் அடி பூமிக்குள்ள தண்ணியில நின்னு வேல செஞ்ச ஆளு. ஒரு ஜாண் தண்ணிக்கா பயந்துக்குவாரு? படிய ஏத்திக்கினா போச்சு" என்கிறாள். யாமினியைக் கேட்டேன். ஒரு முழம் ஏற்றினால் வீட்டுக்குள் வராது, அன்றைக்கு வாசலைவிட்டு இறங்கவும் முடியாது என்றாள். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு, ஞாயிறு வந்து அந்த நீலக் கோட்டை நீங்களே பாருங்கள். அதுவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சேஷகிரியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு உங்கள் தங்கை போன வாரமே அளவெடுத்துத் திரை தைத்துவிட்டாள். யாமினி ஏரி நிறைந்த எண்ணைத் தட்டும்போது எனக்கு அந்தத் திரைதான் நினைவில் இருந்தது. 'ஏரிய ஒரு அடி கொறைச்சுப் போடேம்மா' என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை.