ஒலியண்ணல் எழுப்பிய பேஸ்

ஹெட்போனுக்குள் பேஸ் என்கிற அடிக்குரல் அதிர்வு தூங்குகிறதாம். அதை எழுப்ப ஒருவர் வந்திருக்கிறாராம்.

தீப்பிடித்தது என்று கத்தினால்கூட இவ்வளவு பேர் ஓடி வந்திருக்க மாட்டார்கள். மெத்தைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அவருடைய அறை. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். படிக்கட்டில் இடம் கிடைக்காதவர்கள் கடைக்குள் புகுந்து மெத்தைகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். கடைக்காரர் முதல் இரண்டு நாள் கத்திப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு ஹெட்போனை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்.

மாடிக்காரரை எல்லோரும் ஒலியண்ணல் என்றார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால், அவரேதான். வெளுத்த அங்கி, கறுத்த கண்ணாடி, கையில் ஒரு எஃகுக் கம்பி. அவருடைய தத்துவம் எளிமையானது.

"ஃபேக்டரில செஞ்ச ஹெட்போன் பொறந்த குழந்தை மாதிரி. அதுக்குள்ள பேஸ் தூங்குது. மெல்லிசை கேக்கறவன் அப்படியே கேக்கலாம். ராக், மெட்டல்னு அதிரடிப் பாட்டு கேக்கறவன் எழுப்பியே ஆகணும். மெட்டலை மெட்டலாலதான் எழுப்ப முடியும்!"

எஃகுக் கம்பியால் ஹெட்போனின் கிண்ணத்தில் மூன்று தட்டு. கண்ணை மூடி ஒரு முனகல். பிறகு உங்கள் தலையில் மாட்டி, இரண்டு உள்ளங்கையாலும் 'ஆற்றல் செலுத்துவார்'. அவ்வளவுதான். அதுவரை கொசு மாதிரி ரீங்காரமிட்ட கிட்டார் காண்டாமிருகம் மாதிரி உறுமும். ஆடாத தலையும் ஆடும். கண்ணீர் விட்டவர்கள் உண்டு. கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அதற்குப் பெயர் ஆற்றல் பரிமாற்றம். அவர் ஆற்றலைக் கொடுப்பார். நீங்கள் மற்றதைக் கொடுப்பீர்கள். ஹெட்போன் வாங்கிய விலையைப் போல இரண்டு பங்கு.

வீட்டுக்குப் போனதும் பேஸ் மறுபடி காணாமல் போனால்? அதற்கும் பதில் வைத்திருந்தார். "நீ சந்தேகப்பட்டிருப்ப. சந்தேகம் வந்தா பேஸ் கோவிச்சுக்கும்."

எவ்வளவு வசதியான பேஸ் பாருங்கள்! வந்தால் அண்ணலின் சக்தி. போனால் உங்கள் புத்தி.

வரிசையில் நின்றவர்களைப் பார்க்க வேண்டுமே. நீண்ட தலைமுடி, கறுப்புச் சட்டை. சட்டையில் மண்டையோடு, மண்டையோட்டுக்குக் கீழே 'எவனுக்கும் பணியமாட்டோம்' என்ற வாசகம். அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு, டோக்கன் வாங்கி, "அண்ணல் கூப்பிட்டாரா, அண்ணல் கூப்பிட்டாரா" என்று குழைந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் நின்றார். வேலையில் கெட்டி. தொங்கும் கம்பியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்காமல் ஒரு ஆளையும் மேலே ஏற்றமாட்டார். யாராவது "எல்லாம் சரியா இருக்குங்க" என்று சொன்னால், "உங்க வாய் தாங்குமா, கம்பி தாங்குமா?" என்று கேட்பார். ஆனால் மாலையில் கருவிப்பெட்டியை மூடும்போது மூளையையும் சேர்த்து மூடிவிடுவார் போலிருக்கிறது.

அவர் வந்தது தனக்காக அல்ல, மாமியாருக்காக.

மாமியார் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தடுமாறும் கியரையும் அலறும் எஞ்சினையும் கேட்டே பழகிய காது. ஓய்வு பெற்ற மறுவாரம் தற்செயலாக ரேடியோவில் ஒரு மெட்டல் பாட்டைக் கேட்டார். "அடேயப்பா, என் ஆபீஸ் சத்தத்துக்குத் தாளம் போட்டு வச்சிருக்கான்" என்று மகிழ்ந்துபோனார். அன்றிலிருந்து காய் நறுக்குவதே இரட்டை டிரம் வேகத்தில்தான்.

சிக்கல் என்னவென்றால், மகள் மருத்துவமனையில் இரவுப் பணி நர்ஸ். பகலில்தான் தூங்க வேண்டும். வீடோ இரண்டே அறை. சுவரோ பிஸ்கட் தடிமன். மாப்பிள்ளை பரிசாக வாங்கிக் கொடுத்த முதல் ஹெட்போன் பின்பக்கம் சல்லடை போலத் திறந்திருக்கும் வகை. மாமியார் காதில் மாட்டினால் பக்கத்து அறையிலும் கச்சேரி நடக்கும்.

ஒருநாள் மகள் வேலையிலிருந்து வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, நேத்து ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசியைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போடப் போயிட்டேன். அவரே 'எனக்கு இல்லம்மா'ன்னு கையை இழுத்துக்கிட்டாரு. அவரும் தூங்கிட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

மாமியார் அன்றே பாட்டை நிறுத்தினார். அதன்பின் வீட்டில் வேறொரு பிரச்சினை. பாட்டு இல்லாத மாமியார் மாப்பிள்ளை வண்டி ஓட்டும் விதத்தைக் கவனிக்க ஆரம்பித்தார். "கண்ணாடியைப் பாக்காமலே திருப்புறீங்களே மாப்பிள்ளை? உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு?" அவர் கேட்கும் தோரணையில் மனிதருக்கு வியர்த்துக் கொட்டும்.

பின்பக்கம் மூடிய ஹெட்போன் ஒன்றைக் கடன் படாத விலையில் தேடிப் பிடித்து வாங்கி வந்தார் மாப்பிள்ளை. சத்தம் வெளியே கசியவில்லை. உள்ளேயும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மாமியார் தடித்த சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடிக்கு மேல் அதை மாட்டி, முகத்தைச் சுளித்தார்.

"டிரம்மு தகர டப்பா மாதிரி இருக்கு. பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் லீவுல போயிட்டாரா?"

"லீவு இல்ல அத்தை, தூங்குது. நாளைக்கே எழுப்பிடலாம்!" என்றார் மாப்பிள்ளை, பரவசமாக.

"எது தூங்குது?"

"பேஸ்."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மகள் தூங்குவதுதான் முக்கியம் என்று நினைத்தாரோ என்னவோ, கிளம்பினார்.

முறை வந்தது. அண்ணல் ஹெட்போனை அப்படியே மாமியார் தலையில் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டார். "எப்படி இருக்கு, தாயே?"

"தகர டப்பா."

"தூக்கம்!" என்று கூட்டத்தைப் பார்த்து அறிவித்தார். கம்பியால் தட்டினார். முனகினார். "கண் மூடினாத்தான் காது திறக்கும்" என்று மாமியாரின் மூக்குக்கண்ணாடியைத் தானே கழற்றி மேசையில் வைத்தார். மறுபடி ஹெட்போனை மாட்டி, இரு உள்ளங்கையாலும் காதோடு சேர்த்து அழுத்தினார்.

மாமியாரின் புருவம் உயர்ந்தது. வாய் தானாகத் திறந்தது. டிரம் நெஞ்சுக்குள் இடித்தது. பேஸ் கிட்டார்க்காரர் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"வந்துடுச்சு!" என்றார் அவரையறியாமல்.

கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார். உதவியாளர் ஆற்றல் பரிமாற்றப் பெட்டியை நீட்டினார். பணத்தை எடுக்கலாம் என்று மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஹெட்போன் இன்னும் தலையில்தான் இருந்தது. பேஸ் போய்விட்டது.

"போயிடுச்சே."

"சந்தேகம்" என்றார் அண்ணல், சோகமாகத் தலையசைத்து. "மனசுல ஒரு துளி சந்தேகம்."

"இல்லையே தம்பி. காசு எடுக்கத்தானே பையத் தேடுனேன்? அதைவிட நம்பிக்கை வேற என்ன வேணும்?"

கண்ணாடியைக் கழற்றினார். பேஸ் வந்தது. மாட்டினார். போனது. கண்ணாடியோடு, தன் கையாலேயே கிண்ணத்தை அழுத்தினார். வந்தது. கையை எடுத்தார். போனது. வைப்பரை ஓடவிட்டு நிறுத்துவது போல அமைதியாக நாலைந்து முறை செய்து பார்த்தார்.

பிறகு வரிசையில் அடுத்து நின்ற மண்டையோட்டுச் சட்டைக்காரரைக் கூப்பிட்டார். "உங்களோடது இன்னும் எழுப்பலையே? மாட்டுங்க. பாட்டைப் போடுங்க. இப்ப ரெண்டு கையாலயும் நல்லா அழுத்துங்க."

அவர் அழுத்தினார். தலைமுடி பறக்க ஆடினார். "அம்மா! நீங்களும் எழுப்புவீங்களா!" என்று மாமியாரின் காலில் விழப் போனார்.

"எழுந்திருங்க. நான் உங்களைத் தொடவே இல்லை. காதைச் சுத்தி அந்தக் குஷன் சரியா மூடலைன்னா பேஸ் வெளிய ஓடிடுது. என் கண்ணாடிச் சட்டம் நடுவுல சந்து விடுது. உங்களுக்கு முடி சந்து விடுது. அழுத்தினா சந்து அடையுது. இவ்வளவுதானே?"

அறையில் கசகசவென்று பேச்சு எழுந்தது. ஒலியண்ணல் கையை உயர்த்தினார். இதையெல்லாம் பார்த்துத் தேறியவர் அவர்.

"தாயே, நீங்க சொல்றது உடம்பு பேஸ். கையால அழுத்தினா கழுதைக்கும் கேக்கும். நான் எழுப்பறது உயிர் பேஸ். விழிச்ச ஹெட்போன் எது, தூங்கற ஹெட்போன் எதுன்னு கண்ணைக் கட்டிட்டுக்கூட நான் சொல்லுவேன்!"

கூட்டம் மறுபடி கைதட்டியது. எந்தப் பக்கம் சத்தமாகப் பேசினாலும் கைதட்டும் கூட்டம் அது.

மாமியாரின் முகத்தில் பழைய வேலை வந்து உட்கார்ந்தது. எத்தனையோ பேர் அவரிடம் சிபாரிசோடு வந்திருக்கிறார்கள். அப்பாவின் பதவியைச் சொல்லியிருக்கிறார்கள். கனவில்கூட வண்டி ஓட்டுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"ஓட்டிக் காட்டுங்க."

அண்ணலின் கண்ணைக் கட்டியாயிற்று. மாப்பிள்ளையின் கழுத்துத் துண்டுதான் கட்டு. கிரீஸ் வாசனை. மாமியார் தன் ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, குஷனைக் காதோடு பொருத்தினார்.

"போன்ல பாட்டைப் போடப் போறேன் தம்பி. கேட்டுட்டுச் சொல்லுங்க."

அண்ணல் மூச்சை இழுத்தார். தலை மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு தோள். பிறகு இடுப்பு.

"ஆகா! விழிச்சுடுச்சு... முழுசா விழிச்சுடுச்சு! டிரம்மு நூறு குதிரை ஓடற மாதிரி... ரெண்டு கிட்டார்... இடப்பக்கம் ஒண்ணு அழுகுது, வலப்பக்கம் ஒண்ணு சிரிக்குது... பேஸ்... அய்யோ, பூமிக்கு அடியிலிருந்து வருது!"

கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. முதலில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் மெத்தைக்காரர். அண்ணல் கண்கட்டை இழுத்துவிட்டுப் பார்த்தார். ஹெட்போனின் ஒயர் அவர் நெஞ்சில் தொங்கியது. அதன் முனை மாமியாரின் விரல்களுக்கு நடுவே, எதிலும் சொருகாமல், அந்தரத்தில் நின்றது.

உண்மையான பெருமகனார்கள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் ஒளிவிடுவார்கள்.

"பாத்தீங்களா!" என்று முழங்கினார் அண்ணல். "ஒயர் இல்லாமலே கேட்டேன்! அதுதான் என் சக்தி!"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு பேர் கைதட்டினார்கள். ஒருவர் "அண்ணல் வாழ்க!" என்றார்.

மாமியார் பையிலிருந்து போனை எடுத்து, கறுத்துக் கிடந்த திரையை எல்லோருக்கும் காட்டினார். "பாட்டே போடலை தம்பி. போனை அணைச்சு வச்சிருக்கேன். இல்லாத பாட்டுல ரெண்டு கிட்டார் எங்கேர்ந்து வந்துச்சு?"

அண்ணல் பதில் தேடினார். உதவியாளர் பதிலைத் தேடி நேரத்தை வீணாக்கவில்லை. பரிமாற்றப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்படியில் இறங்கினார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அப்போதுதான் மூளைப் பெட்டி திறந்தது. இறங்கி ஓடி, மெத்தைக் குவியலுக்கு நடுவே அவரைப் பிடித்தார். 'எவனுக்கும் பணியமாட்டோம்' சட்டைகள் ஒருவழியாகப் பணியாமல் நின்று, கொடுத்த பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டன. அந்தக் கலவரத்தில் அங்கி மட்டும் நாற்காலியில் கிடந்தது, அண்ணல் இல்லை.

கீழே வாசலில் மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார். "மன்னிச்சுக்குங்க அத்தை. ஏமாந்துட்டேன்."

"எனக்கும்தான் வாய் பொளந்துச்சு" என்றார் மாமியார். "அது தப்பில்லை. பொளந்த வாயை மூடிட்டு ஒரு தடவை சோதிச்சுப் பாக்கணும். சரி, கடை மூடறதுக்குள்ள வாங்க."

சாதாரண ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார்கள். பழைய ஹெட்போனைக் கொடுத்து மாற்றிக்கொள்ள கடைக்காரர் சம்மதித்தார். மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே ஒவ்வொன்றாக மாட்டினார். தனக்குத் தலைகீழ்ப் பாடமான ஒரே பாட்டை எல்லாவற்றிலும், ஒரே அளவு சத்தத்தில் வைத்தார். ஒன்றில் பேஸ் பொங்கி வழிந்து பாடகரையே முழுங்கியது. ஒன்றில் டிரம்மோடு சேர்ந்த சிம்பல் தட்டின் சத்தம் ஊசியாகக் குத்தியது. ஒன்று பிரமாதமாக ஒலித்தது, ஆனால் கபாலத்தை எலுமிச்சை பிழிவது போலப் பிழிந்தது. கடைசியில் பேரும் பளபளப்பும் இல்லாத ஒன்று. குஷன் தடிமனாக, மெத்தென்று, கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி மூடிக்கொண்டது. இரட்டை டிரம்மின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுந்தது. மாமியார் தலையை உதறிப் பார்த்தார், நழுவவில்லை.

"மாப்பிள்ளை, பக்கத்துல நில்லுங்க. ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலை அத்தை!"

"என்ன?" என்றார் மாமியார். அவருக்கு மாப்பிள்ளை பேசியதும் கேட்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

மறுநாள் பகல் முழுக்க மகள் தூங்கினாள். மாலையில் எழுந்து வந்தவள், அம்மா ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டு இரட்டை டிரம் வேகத்தில் வெங்காயத்தை வெட்டுவதைப் பார்த்து, கத்தியை மட்டும் வாங்கி வைத்தாள்.

அண்ணல் இப்போது நாலு தெரு தள்ளி, டார்ச் லைட்டுகளுக்குக் கண் திறந்துவிடுகிறார் என்று கேள்வி. அங்கேயும் படிக்கட்டு நிரம்பி வழிகிறதாம். போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஹெட்போன் செய்பவன் இரண்டு காதுக்கு மட்டும்தான் பொறுப்பு. அவற்றுக்கு நடுவே இருப்பதை நீங்களே அவ்வப்போது எழுப்பிப் பாருங்கள். அதற்கு எந்த அண்ணலும் வர மாட்டார். அது விழித்துக்கொண்டால் அவர் பிழைப்புப் போய்விடும்.